வேலையிடத்தில் கைரேகை எடுக்க இலினாய்ஸில் சட்டம் உண்டா? அந்தத் தாளில் கையெழுத்துப் போடலாமா?

நீங்கள் எழுதியதைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். ஜோலியட் பக்கம் ஒரு கிடங்கில், ஆள் அனுப்பும் ஏஜென்சி வழியாக, இரண்டு வருடமாக வேலை பார்க்கிறீர்கள். உள்ளே நுழையும்போதும், சாப்பாட்டு இடைவேளைக்கும், வெளியே வரும்போதும் விரலை வைத்துத்தான் நேரம் பதிகிறது. போன வாரம் ஷிஃப்ட் தொடங்குவதற்கு ஐந்து நிமிடம் முன்னால் ஒரு தாளை நீட்டி, சும்மா ஒரு ஃபார்மாலிட்டி, கையெழுத்துப் போடுங்கள் என்றார்கள். கூட இருப்பவர் ஒருவர், போடாதே, இங்கே இதற்குச் சட்டம் இருக்கிறது, கேஸ் போட்டால் பணம் வரும் என்கிறார். இன்னொருவர், ஊரில் ஆதாருக்குப் பத்து விரலையும் கொடுத்தவர்கள்தானே நாம், இதில் என்ன என்கிறார். அப்படி ஒரு சட்டம் நிஜமாகவே உண்டா என்பது உங்கள் கேள்வி.

உண்டு. ஆனால் கேள்வியின் கடைசி வரியில், போட மாட்டேன் என்று சொன்னால் வேலை போய்விடுமா என்று ஒரு வார்த்தை சேர்த்திருக்கிறீர்கள். உண்மையான கேள்வி அதுதான் என்று நினைக்கிறேன். சம்பளம் வாங்கும் இடத்தில் என் விரல் இன்னமும் என்னுடையதுதானா என்று கேட்கிறீர்கள். அதற்கு ஒரு வரியில் பதில் இல்லை, கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

நான் வழக்கறிஞர் இல்லை. சிகாகோவைச் சுற்றியுள்ள ஊர்களில் பதினைந்து வருடம் வருகைப்பதிவு மெஷின் பொருத்திக்கொண்டிருந்தவன். உணவகம், லாண்டரி, கிடங்கு, முதியோர் இல்லம் என்று எல்லா இடத்திலும் பொருத்தியிருக்கிறேன். அதற்கப்புறம் சில வருடமாக, நிறுவனங்கள் இந்தச் சட்டத்துக்கு ஏற்ப என்னென்ன தாள் வைத்திருக்க வேண்டும் என்று வழக்கறிஞர்களோடு உட்கார்ந்து தயார் செய்யும் வேலை. மெஷின் எப்படி வேலை செய்கிறது, தாளில் என்ன இருக்க வேண்டும், நீதிமன்றங்கள் என்ன சொல்லியிருக்கின்றன, இவற்றை உறுதியாகச் சொல்ல முடியும். உங்கள் தாளை நான் பார்க்கவில்லை என்பதால், உங்கள் வழக்கு ஜெயிக்குமா என்று சொல்ல முடியாது.

சட்டத்தின் பெயர் பயோமெட்ரிக் தகவல் தனியுரிமைச் சட்டம். இங்கே எல்லோரும் பிப்பா என்று சொல்வார்கள். 2008 அக்டோபர் 3 அன்று இலினாய்ஸ் மாநிலம் கொண்டுவந்தது. மத்திய அரசுச் சட்டம் இல்லை, மாநிலச் சட்டம். அந்த வருடம் ஐபோன் வந்து ஒரு வருடம்தான் ஆகியிருந்தது, விரல் வைத்துத் திறக்கும் வசதி அதில் அப்போது கிடையாது. அப்படியிருக்க ஏன் இவ்வளவு சீக்கிரம் வந்தது என்றால், அதற்கு ஒரு மளிகைக்கடைக் கதை இருக்கிறது. சான் ஃபிரான்சிஸ்கோவைச் சேர்ந்த பே பை டச் என்ற நிறுவனம், கார்டு எதுவும் வேண்டாம், விரலை வைத்தாலே வங்கிக் கணக்கிலிருந்து பணம் போய்விடும் என்று ஒரு வசதியைக் கொண்டுவந்தது. சிகாகோ பக்கத்து ஜூவல் ஆஸ்கோ கடைகளில் அதை வைத்திருந்தார்கள். 2007 கடைசியில் அந்த நிறுவனம் திவாலானது. திவாலான நிறுவனத்தின் மேசை நாற்காலியைக் கடன்காரர்கள் விற்றுக்கொள்ளலாம். ஆயிரக்கணக்கானவர்களின் விரல் ரேகையையும் அதோடு சேர்த்து விற்றுவிடலாமா என்ற கேள்வி எழுந்தது. அப்போது அதைத் தடுக்க எந்தச் சட்டமும் இல்லை. ஏசிஎல்யு என்ற குடிமை உரிமை அமைப்பின் இலினாய்ஸ் கிளை முன்னால் நின்று இந்தச் சட்டத்துக்காகப் பாடுபட்டது. சட்டத்தின் முன்னுரையிலேயே காரணத்தை எழுதி வைத்திருக்கிறார்கள். சமூகப் பாதுகாப்பு எண் திருடுபோனால் வேறு எண் வாங்கலாம், விரல் ரேகை திருடுபோனால் அந்த மனிதருக்கு வேறு வழியே இல்லை என்பது அதன் சாரம். 2015-இல் மத்திய அரசின் பணியாளர் அலுவலகத்திலிருந்து 56 லட்சம் பேரின் ரேகை திருடுபோனபோது எனக்கு அந்த வரிதான் நினைவுக்கு வந்தது. அந்த 56 லட்சம் பேருக்கும் இன்றைக்கும் அதே விரல்தான்.

சரி, சட்டம் என்ன சொல்கிறது? விரல் ரேகை, கண்ணின் கருவிழி, விழித்திரை, குரல் ரேகை, கை அல்லது முகத்தின் வடிவ அளவு, இவற்றை ஒரு தனியார் நிறுவனம் எடுக்க வேண்டுமென்றால் எடுப்பதற்கு முன் மூன்று காரியம் செய்ய வேண்டும். எடுக்கிறோம் என்று எழுத்தில் சொல்ல வேண்டும். எதற்காக, எவ்வளவு காலத்துக்கு என்று எழுத்தில் சொல்ல வேண்டும். உங்களிடமிருந்து எழுத்தில் சம்மதம் வாங்க வேண்டும். இது தவிர, எத்தனை நாள் வைத்திருப்போம், எப்போது அழிப்போம் என்ற கொள்கையை யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி வைத்திருக்க வேண்டும். எடுத்த நோக்கம் முடிந்தவுடன், அல்லது உங்களுக்கும் நிறுவனத்துக்கும் தொடர்பு அற்று மூன்று வருடத்துக்குள், இரண்டில் எது முந்தியோ அப்போது அழித்துவிட வேண்டும். விற்கவே கூடாது, நீங்கள் சம்மதித்தாலும் கூடாது. உங்கள் சம்மதம் இல்லாமல் வேறொருவரிடம் கொடுக்கவும் கூடாது.

நம் ஊரில் பத்திரப் பதிவில் எழுதப் படிக்கத் தெரியாதவர் கைநாட்டு வைக்கும்போது, பத்திரத்தை ஒருவர் வாசித்துக் காட்ட வேண்டும், அவர் கேட்டு ஒப்புக்கொள்ள வேண்டும், அப்புறம்தான் மை. என் தாத்தா அப்படி வைத்த பத்திரம் வீட்டில் இருக்கிறது. அந்த மரியாதையைத்தான் இந்தச் சட்டம் மெஷினிடமும் கேட்கிறது. விரலை எடுக்காதே என்று அது சொல்லவில்லை. சொல்லிவிட்டு, கேட்டுவிட்டு எடு என்கிறது.

உங்கள் விஷயத்தில் முக்கியமான சொல் 'முன்'. இரண்டு வருடம் விரலை எடுத்துவிட்டு இப்போது தாளை நீட்டுகிறார்கள் என்றால், அந்த இரண்டு வருடமும் சம்மதம் இல்லாமல் எடுத்ததாக இருக்கக்கூடும். 'இருக்கக்கூடும்' என்று சொல்லக் காரணம், வேலைக்குச் சேர்ந்த அன்று ஏஜென்சி கொடுத்த தாள்கட்டில், அல்லது போனில் விரலால் தள்ளித் தள்ளி நீங்கள் ஒப்புக்கொண்ட பக்கங்களில், இதற்கான சம்மதமும் இருந்திருக்கலாம். அதை முதலில் தேடிப் பாருங்கள். அப்படி எதுவும் இல்லையென்றால் உங்கள் நிலைமை ஒயிட் காசில் என்ற ஹாம்பர்கர் கடை வழக்கைப் போன்றது. அந்த நிறுவனம் சட்டம் வருவதற்கு முன்பிருந்தே இங்குள்ள கடைகளில் ஊழியர்களின் விரலை எடுத்துவந்தது, சம்மதத் தாளைக் கொடுத்தது 2018-இல்தான். சட்டம் வந்து பத்து வருடம் கழித்து. 2023 பிப்ரவரியில் இலினாய்ஸ் உச்ச நீதிமன்றம், ஒவ்வொரு தடவை விரல் வைத்ததும் ஒரு தனி மீறல் என்று நாலுக்கு மூன்று என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. அந்தக் கணக்கில் சுமார் 9,500 ஊழியர்களுக்கு 1,700 கோடி டாலர் வரை போகலாம் என்று நிறுவனம் பதறியது. கடைசியில் 94 லட்சம் டாலருக்குச் சமரசம் ஆனது. அதே மாதம் இன்னொரு வழக்கில், வழக்குப் போட ஐந்து வருடம் அவகாசம் உண்டு என்றும் அதே நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆகவே உங்கள் இரண்டு வருடமும் காலக்கெடுவுக்குள்தான் இருக்கிறது.

ஆனால் ஒரு விரல் வைப்புக்கு ஆயிரம் டாலர் என்று உங்கள் நண்பர் கணக்குப் போட்டிருந்தால், அந்தக் கணக்கை விட்டுவிடச் சொல்லுங்கள். 2024 ஆகஸ்ட் 2 அன்று சட்டத்தைத் திருத்திவிட்டார்கள். ஒரே ஆளிடம் ஒரே முறையில் எத்தனை தடவை எடுத்தாலும் ஒரே மீறல்தான் என்று ஆகிவிட்டது. கம்ப்யூட்டரில் போடும் மின்கையெழுத்தும் செல்லும் என்றும் அந்தத் திருத்தம் சொல்கிறது. இது திருத்தத்துக்கு முன் நடந்தவற்றுக்கும் பொருந்துமா என்பதில் மட்டும் சிக்கல் வந்தது. அதே 2024 நவம்பரில், இங்குள்ள மத்திய அரசின் மாவட்ட நீதிமன்றம் ஒன்றிலேயே, ஒரு நீதிபதி பொருந்தும் என்றார், இன்னொருவர் பொருந்தாது என்றார். உங்கள் காலத்தில் எவ்வளவு அந்தத் தேதிக்கு முன், எவ்வளவு பின் என்பதை வழக்கறிஞர்தான் பிரித்துப் பார்க்க வேண்டும்.

எனக்கு என்ன நஷ்டம் ஆகிவிட்டது, ஒன்றும் திருடுபோகவில்லையே என்றும் எழுதியிருக்கிறீர்கள். நஷ்டம் ஆக வேண்டிய அவசியமே இல்லை. இதை நிலைநிறுத்தியது ஒரு பதினாலு வயதுப் பையனின் வழக்கு. கர்னி ஊரில் உள்ள சிக்ஸ் ஃபிளாக்ஸ் கேளிக்கைப் பூங்காவுக்குப் பள்ளிச் சுற்றுலாவாகப் போனான். அம்மா ஏற்கெனவே இணையத்தில் சீசன் பாஸ் வாங்கி வைத்திருந்தார். அங்கே அவன் கட்டைவிரலை எடுத்துக்கொண்டார்கள். வீட்டுக்கு வந்த பையனிடம், பாஸோடு ஏதாவது தாள் கொடுத்தார்களா என்று அம்மா கேட்க, இல்லையம்மா, இப்போதெல்லாம் விரலை வைத்தே நடக்கிறது என்றானாம். அவ்வளவுதான் நடந்தது. 2019 ஜனவரியில் இலினாய்ஸ் உச்ச நீதிமன்றம், கேட்காமல் எடுத்ததே பாதிப்பு, பணம் போனதாகவோ தகவல் திருடுபோனதாகவோ நிரூபிக்க வேண்டியதில்லை என்று சொன்னது. இந்தச் சட்டத்துக்கு முதுகெலும்பு இந்தத் தீர்ப்புதான் என்பேன்.

அடுத்தது மெஷின். நாங்கள் ரேகையைச் சேமிப்பதே இல்லை, வெறும் எண்தான் என்று மேற்பார்வையாளர் உங்களிடம் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். பாதி உண்மை. முதல்முறை பதியும்போது மெஷின் உங்கள் விரலை மூன்று தடவை வைக்கச் சொல்லியிருக்கும். விரலில் கோடு எங்கே முடிகிறது, எங்கே இரண்டாகப் பிரிகிறது என்று புள்ளிகளைத் தேடி, அவை எங்கெங்கே எந்தக் கோணத்தில் இருக்கின்றன என்பதை எண்களாக்கி வைத்துக்கொள்ளும். படத்தைப் பெரும்பாலும் தூக்கிப் போட்டுவிடும். அந்த எண்தொகுப்பை நாங்கள் டெம்ப்ளேட் என்போம். ஆனால் அந்த எண்ணை வைத்துத்தானே நீங்கள் யாரென்று அது கண்டுபிடிக்கிறது? ரேகையிலிருந்து எடுத்து, எந்த வடிவத்துக்கு மாற்றினாலும், ஆளை அடையாளம் காணப் பயன்பட்டால் அது பயோமெட்ரிக் தகவல்தான் என்று சட்டமே எழுதி வைத்திருக்கிறது. அதனால் அந்தப் பதிலில் பெரிய பலம் இல்லை. அந்த எண் உங்கள் கிடங்கிலேயே தங்குவதும் இல்லை. பெரும்பாலும் மெஷினைக் கொடுத்த கம்பெனியின் சர்வருக்குப் போகும், ஏஜென்சிக்கும் போகலாம். அவர்களும் இந்தச் சட்டத்துக்கு அடங்கியவர்களே. வருகைப்பதிவு மெஷின் தயாரிக்கும் க்ரோனோஸ் நிறுவனம் இலினாய்ஸ் தொழிலாளர்களோடு 2022-இல் 1.53 கோடி டாலருக்குச் சமரசம் செய்துகொண்டது.

அழிப்பது பற்றிச் சட்டம் ஏன் அவ்வளவு கண்டிப்பாக இருக்கிறது என்று எனக்குப் புரிந்த நாளைச் சொல்கிறேன். 2013 இருக்கும். ஒரு பேக்கரி மூடிவிட்டார்கள், அங்கிருந்த மெஷினை இன்னொரு வாடிக்கையாளருக்கு மலிவாகப் பொருத்தச் சொல்லி என்னிடம் கொடுத்தார்கள். டப்பாவைத் திறந்தால் மூலையெல்லாம் மாவு படிந்திருந்தது, விரல் வைக்கும் கண்ணாடியில் கூட. துடைத்துவிட்டு மின்சாரம் கொடுத்தேன். திரையில் முந்நூற்றுச் சொச்சம் பெயர்கள் வரிசையாக வந்தன. ஒவ்வொரு பெயருக்குப் பக்கத்திலும் விரல் பதிந்ததற்கு அடையாளமாக ஒரு சின்ன டிக். அந்தக் கடையில் கடைசி நாளன்று இருபது பேர்கூட வேலை பார்த்திருக்க மாட்டார்கள். மீதி எல்லோரும் எப்போதோ வேலையை விட்டுப் போனவர்கள். தங்கள் ரேகை ஒரு அட்டை டப்பாவில் ஒருவன் காரின் பின்சீட்டில் போய்க்கொண்டிருக்கிறது என்று அவர்களில் ஒருவருக்கும் தெரியாது. நான் எல்லாவற்றையும் அழித்துவிட்டுத்தான் அடுத்த இடத்தில் பொருத்தினேன். ஆனால் அழிக்கச் சொல்லி யாரும் என்னிடம் சொல்லவில்லை. சட்டம் வந்து ஐந்து வருடம் ஆகியும், அந்தக் கடையிலோ எங்கள் அலுவலகத்திலோ யாருக்கும் அப்படி ஒன்று இருப்பதாகவே தெரிந்திருக்கவில்லை. அதற்கு முன் நான் பொருத்திய எத்தனையோ மெஷின்களை இன்றைக்கும் நினைத்துப் பார்க்கிறேன்.

இந்தச் சட்டம் எட்டாத இடங்களும் உண்டு. அரசு அலுவலகம், போலீஸ் இதற்குள் வராது. அரசுக்காக ஒப்பந்த வேலை செய்யும்போது அந்த ஒப்பந்ததாரரும் வரமாட்டார். வங்கிகள் பெரும்பாலும் வராது. மருத்துவமனையில் நோயாளிக்கான மருந்து அலமாரியைத் திறக்க நர்ஸ் விரல் வைப்பது வராது என்று 2023 நவம்பரில் தீர்ப்பு வந்தது. தொழிற்சங்க ஒப்பந்தம் உள்ள இடத்தில், நேரடியாக வழக்குப் போட முடியாது, ஒப்பந்தத்தில் உள்ள வழியில்தான் போக வேண்டும் என்றும் தீர்ப்பு இருக்கிறது. உங்கள் கிடங்கில் சங்கம் இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. இருந்தால் முதலில் சங்கப் பிரதிநிதியைப் பாருங்கள்.

பணத்தைப் பற்றி நேரடியாகவே சொல்லிவிடுகிறேன். கவனக்குறைவால் மீறினால் 1,000 டாலர், தெரிந்தே அல்லது அலட்சியமாக மீறினால் 5,000 டாலர் என்பது சட்டத்தில் உள்ள தொகை. கையில் வருவது வேறு. இந்த வழக்குகள் பெரும்பாலும் எல்லோருக்குமாகச் சேர்த்துப் போடப்படுபவை, சமரசத்தில் முடிபவை. ஃபேஸ்புக் படங்களில் முகத்தை அடையாளம் கண்ட வழக்கில் 65 கோடி டாலருக்குச் சமரசம் ஆனது, கோரி விண்ணப்பித்த இலினாய்ஸ்காரர் ஒவ்வொருவருக்கும் வந்த காசோலை 400 டாலரை ஒட்டித்தான் இருந்தது. பிஎன்எஸ்எஃப் ரயில்வே வழக்கில் 2022-இல் நடுவர் குழு 45,600 லாரி ஓட்டுநர்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னது, 22.8 கோடி டாலர் என்றார்கள், அப்புறம் அந்தத் தொகை ரத்தாகி 7.5 கோடியில் சமரசம் ஆனது. வழக்கறிஞர் பங்கும் இதிலிருந்துதான் போகும். வருடக்கணக்கில் இழுக்கும். ஆகவே இதை நம்பிக் கடன் வாங்க வேண்டாம்.

ஆனாலும் தனியாள் நீதிமன்றப் படியேறலாம் என்ற அந்த ஒரு பிரிவுதான் இந்தச் சட்டத்துக்குப் பல் கொடுத்தது என்பது என் உறுதியான கருத்து. டெக்சஸிலும் 2009-லிருந்து இப்படி ஒரு சட்டம் இருக்கிறது. அங்கே மாநில அட்டர்னி ஜெனரல் மட்டும்தான் வழக்குப் போடலாம். 2024-இல் மெட்டா நிறுவனத்திடமிருந்து 140 கோடி டாலர் வாங்கினார்கள், பெரிய தொகைதான், ஆனால் அது மாநிலத்துக்குப் போனது. ஒரு கிடங்குத் தொழிலாளிக்காக அட்டர்னி ஜெனரல் இறங்கி வருவாரா? இங்கே நான் கண்ணால் பார்த்தது இது: 2019 தீர்ப்பு வந்த சில மாதத்துக்குள், பத்து வருடமாக அசையாத நிறுவனங்கள் எல்லாம் எங்களுக்குப் போன் போட்டு, தாள் எங்கே, கொள்கை எங்கே, பழைய பதிவை எப்படி அழிப்பது என்று கேட்க ஆரம்பித்தன. அந்த அவசரம் சட்டம் வந்த 2008-இல் வரவில்லை. வழக்குப் போடத் தொழிலாளிக்கு வழி திறந்தபோதுதான் வந்தது.

ஆதாரைப் பற்றிய உங்கள் நண்பரின் பேச்சுக்கும் ஒரு பதில் சொல்ல வேண்டும். பத்து விரல் கொடுத்தது உண்மை. ஆனால் ஒருவரிடம் கொடுத்ததால் எல்லோரும் எடுத்துக்கொள்ளலாம் என்று ஆகிவிடாது. 2018 செப்டம்பரில் இந்திய உச்ச நீதிமன்றமே, தனியார் நிறுவனங்கள் ஒப்பந்தத்தின் பேரில் ஆதார் சரிபார்ப்பைக் கேட்க வழிசெய்த பகுதியை ரத்து செய்தது. இந்தியாவில் 2023-இல் வந்த தனிநபர் தரவுச் சட்டத்தில் அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம், ஆனால் அது அரசின் கருவூலத்துக்குத்தான் போகும், பாதிக்கப்பட்டவருக்கு அதில் இழப்பீடு இல்லை. வேலை சம்பந்தப்பட்ட காரியத்துக்கு ஊழியரின் தகவலைச் சம்மதம் கேட்காமலே பயன்படுத்தவும் அதில் இடம் இருக்கிறது. நீங்கள் இப்போது நிற்கும் மண்ணில் உங்களுக்கு அதைவிடக் கூடுதல் உரிமை இருக்கிறது. அதைக் கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டாம்.

இனி உங்கள் கடைசி வரிக்கு வருகிறேன். போட மாட்டேன் என்றால் வேலை போகுமா? போகலாம். இந்தச் சட்டத்தின் பெரிய ஓட்டை இது என்று நினைக்கிறேன். வேலைக்கு நிபந்தனையாகவே சம்மதம் வாங்கலாம் என்று சட்டத்தின் விளக்கப் பிரிவே சொல்கிறது. மறுத்தவரை வேலையை விட்டு நீக்கக்கூடாது என்று அதில் எங்கும் இல்லை. மணி அடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது, பின்னால் இருபது பேர் வரிசையில் நிற்கும்போது வாங்கும் கையெழுத்தைச் சம்மதம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் இன்றைய சட்டப்படி அது செல்லும்.

அதனால் கையெழுத்துப் போடலாமா கூடாதா என்பதைவிட, அந்தத் தாளில் என்ன இருக்கிறது என்பதைப் பாருங்கள். எங்கள் மேசையில் இரண்டு விதமான தாள்கள் வரும். ஒன்று நேர்மையானது: இன்ன மெஷின், இன்ன காரணம், இவ்வளவு காலம், இன்னாரிடம் போகும், வேலையை விட்டால் இப்போது அழிப்போம், சம்மதிக்கிறேன், தேதி. அரைப் பக்கத்தில் முடிந்துவிடும். இதில் கையெழுத்துப் போட்டால் இன்றிலிருந்துதான் சம்மதம், கடந்துபோன இரண்டு வருடத்துக்கான உரிமை அதனாலேயே அற்றுப்போகாது. இன்னொரு விதம், நாலைந்து பக்கம் போகும். நடுவில் எங்கேயோ, 'நான் ஏற்கெனவே சம்மதித்திருந்தேன் என்று உறுதி கூறுகிறேன்' என்றோ, 'இதற்கு முன் எழுந்த எந்தக் கோரிக்கையையும் கைவிடுகிறேன்' என்றோ, 'தகராறு வந்தால் நீதிமன்றம் போகாமல் தனியார் நடுவரிடம் தனியாக வருவேன்' என்றோ ஒரு வரி இருக்கும். அந்த வரியைத் தேடுங்கள். அது இருந்தால் வழக்கறிஞர் ஒருவரிடம் காட்டாமல் போடாதீர்கள். தாளில் பழைய தேதி அச்சாகியிருந்தாலோ, தேதி இடத்தைக் காலியாக விடச் சொன்னாலோ, அன்றைய தேதியை நீங்களே உங்கள் கையால் எழுதுங்கள். போடுவதற்கு முன் தாளைப் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள், எல்லாப் பக்கமும். வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படித்துவிட்டு நாளைக்குத் தருகிறேன் என்று கேட்பதில் தவறே இல்லை. நான் பார்த்தவரை பத்துக்கு ஏழு மேற்பார்வையாளர்கள் சரி என்று விட்டுவிடுவார்கள், அவர்களுக்கும் அந்தத் தாள் என்னவென்று தெரியாது. ஏஜென்சி ஆள் என்பதால், ஏஜென்சியின் பெயர் அந்தத் தாளில் இருக்கிறதா, கிடங்கின் பெயர் இருக்கிறதா என்றும் குறித்துக்கொள்ளுங்கள். இந்த வழக்குகளை எடுக்கும் வழக்கறிஞர்கள் பெரும்பாலும் முன்பணம் கேட்பதில்லை, முதல் பேச்சுக்குக் காசு வாங்குவதும் அபூர்வம்.

விரல் கொடுக்கவே மனம் இல்லையென்றால், கேட்டுப் பார்க்க ஒரு வழி உண்டு. வெஸ்ட் வர்ஜீனியாவில் கான்சால் எனர்ஜி என்ற கம்பெனியின் நிலக்கரிச் சுரங்கத்தில், கையை ஸ்கேன் செய்யும் மெஷின் தன் மத நம்பிக்கைக்கு எதிரானது என்று சொன்ன ஒரு முதிய தொழிலாளியின் வழக்கு 2017-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் வரை போனது. அவருக்குக் கிட்டத்தட்ட 5 லட்சத்து 87 ஆயிரம் டாலர் கிடைத்தது. அது 1964-இன் குடிமை உரிமைகள் சட்டத்தின் கீழ் வந்த வழக்கு, மத நம்பிக்கை உள்ளவருக்குத்தான் பொருந்தும், எல்லோருக்கும் இல்லை. ஆனால் அந்த வழக்கில் வெளிவந்த ஒரு விஷயம் உங்களுக்கும் உதவும். கையில் காயம் பட்ட வேறு இரண்டு பேருக்கு அதே கம்பெனி பொத்தானில் எண் அடித்துப் போக அனுமதி கொடுத்திருந்தது.

நான் பொருத்திய மெஷின்கள் ஏறக்குறைய எல்லாவற்றிலும் அந்த வசதி இருந்தது. எல்லா விரலும் மெஷினில் விழாது. பாத்திரம் தேய்ப்பவர், சிமெண்ட் கலப்பவர், நாள் முழுக்க அட்டைப்பெட்டி தூக்குபவர், வயதானவர், இவர்களுக்கு ரேகை தேய்ந்துபோயிருக்கும். ஊரில் ரேஷன் கடையில் பாட்டிகள் விரலைத் துடைத்துத் துடைத்து வைப்பதைப் பார்த்திருப்பீர்கள், அதே கதைதான் இங்கேயும். அதனால் ஒவ்வொரு இடத்திலும் நாலைந்து பேருக்கு நாங்கள் நாலு இலக்க எண்ணோ அட்டையோ போட்டுக் கொடுத்துவிடுவோம். நிர்வாகத் திரையில் உங்கள் பெயரைத் திறந்து ஒரு கட்டத்தை மாற்றினால் போதும், இரண்டு நிமிட வேலை. உங்கள் மேற்பார்வையாளரிடம் சட்டத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன், எனக்கு எண் வைத்துக் கொடுக்க முடியுமா என்று மட்டும் கேளுங்கள். வாயால் கேட்டபின் அதையே ஒரு மின்னஞ்சலாகவும் அனுப்பிவிடுங்கள், தேதியோடு. என்ன பதில் வந்தது என்றும், அந்தத் தாளில் நான் சொன்ன வரிகள் இருந்தனவா என்றும் இங்கேயே எழுதுங்கள், பார்க்கிறேன்.